மொய் லேப்டாப்பில் ஒரே லினக்ஸை நிறுத்தி வைத்த கதை

தை முகூர்த்தங்கள் ஒரு வழியாக முடிந்தன. மொய் எழுதும் லேப்டாப்பில் போன ஆடியில் நிறுவிய டெபியன் என்ற லினக்ஸ் இன்னும் இருக்கிறது. லினக்ஸ் பக்கம் வந்த பிறகு ஒரே டிஸ்ட்ரோ (லினக்ஸின் ஒரு தொகுப்பு ரகம்) என் மெஷினில் ஆவணியில் தொடங்கித் தை வரை தங்கியது இதுதான் முதல் தடவை. அதைத் தங்க வைக்க என்னென்ன செய்தேன், எங்கே பணம் போனது, எங்கே நேரம் போனது என்று எழுதி வைக்கிறேன். டிஸ்ட்ரோவை மாற்றிக்கொண்டே இருக்கும் இதே அரிப்பு உள்ளவர்களுக்கு உதவலாம்.

தொழிலை முதலில் சொல்லிவிடுகிறேன். செக்கானூரணியில் டைப்பிங்கும் பத்திரிகை வடிவமைப்பும் செய்யும் சின்னக் கடை. கல்யாணம், காதணி விழா, வசந்த விழா என்று முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்குப் போய் கம்ப்யூட்டரில் மொய் எழுதித் தருவது கூடுதல் வேலை. உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டி வரை போவோம். நம் பக்கம் மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய பணம். யார், எந்த ஊர், எவ்வளவு செய்தார் என்பது பத்து வருடம் கழித்தும் தேவைப்படும். ஆகவே பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வீட்டுக்காரர் போன் போட்டுவிடுவார். பந்திக்கு முன்னால் வரிசை நீளும் நேரத்தில் மெஷின் நின்றுவிட்டால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

எழுதும் நிரல் பைத்தானில் ஆனது. தகவல் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளக் கோப்பில் சேரும், 58 மி.மீ. தெர்மல் பிரிண்டரில் ரசீது வரும். என் அக்கா மகன் கல்லூரி விடுமுறையில் எழுதித் தந்தது. லேப்டாப் 4-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 கடைசி நாள் என்று அறிவித்துவிட்டார்கள். இதெல்லாம் நெருங்குவதற்கு முன்பே நான் லினக்ஸுக்கு வந்துவிட்டேன். வந்ததில் வருத்தமில்லை. வந்த இடத்தில் உட்காராததுதான் பிரச்சினை.

மின்ட் போட்டேன், உபுண்டு போட்டேன், ஃபெடோரா போட்டேன், ஓப்பன்சூசே போட்டேன், அன்றாடம் புதுப் பொதி (மென்பொருள் தொகுப்பு) வரும் ரோலிங் ரகம் ஒன்றும் போட்டேன். ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது. ஒன்றில் பிரிண்டர் வேலை செய்யவில்லை, ஒன்றில் தமிழ் சரியாக விழவில்லை, ஒன்று திடீர் திடீரென்று உறைந்தது. மாற்றியதும் ஒரு வாரம் எல்லாம் அருமையாக இருக்கும். அப்புறம் அதே தொந்தரவு வேறு வேடத்தில் வரும்.

இந்தத் தடவை மெஷினைத் தொடும் முன் செய்த முதல் வேலை, பத்து ரூபாய்க்கு ஒரு 40 பக்க நோட்டு வாங்கியது. மாற்றத் தோன்றினால் முதலில் நோட்டில் எழுத வேண்டும்: என்ன தொந்தரவு, எப்போது வந்தது, என்ன செய்து பார்த்தேன், சரியானதா. சரி செய்யாமல் மாற்றக் கூடாது என்பதுதான் ஒரே கட்டுப்பாடு. பழைய தொந்தரவுகளையும் நினைவிலிருந்து எழுதினேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, கடையிலும் வேலை குறைவு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்க நேரம் கிடைத்தது.

முதலில் உறைதல். மவுஸ் அசையும், எதுவும் திறக்காது, அரை நிமிடம் கழித்து எல்லாம் ஒரே நேரத்தில் திறக்கும். இதற்காகவே க்னோம் என்ற டெஸ்க்டாப்பை விட்டு கேடிஇக்கும், அதை விட்டு எக்ஸ்எஃப்சிஇக்கும் போயிருக்கிறேன். இப்போது ஸ்மார்ட்சிடிஎல் நிறுவி ஹார்ட் டிஸ்கின் உடல்நிலையைக் கேட்டேன். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்கள் என்ற வரியில் சைபர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இலக்க எண். டிஸ்க் செத்துக்கொண்டிருந்தது. அந்தச் செக்டரைத் திரும்பத் திரும்பப் படிக்க முயலும் நேரம்தான் அந்த அரை நிமிடம். எந்த டெஸ்க்டாப் போட்டாலும் அது வரும். மதுரை டவுன்ஹால் ரோட்டில் 480 ஜிபி எஸ்எஸ்டி 2,600 ரூபாய்க்கு வாங்கினேன். கூடவே பழைய 4 ஜிபி ராம் ஒன்று, 450 ரூபாய். ஏற்கெனவே இருந்த நாலோடு சேர்த்து எட்டு. வாங்கும் முன் லேப்டாப்பின் ராமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவது நல்லது. இந்த வயது லேப்டாப்புகளுக்கு 1.35 வோல்ட் டிடிஆர்3எல் வேண்டும், பார்வைக்கு டிடிஆர்3-யும் அதே மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது எனக்கே சிரிப்பு வந்த விஷயம். போன வருடம் ஒரு டிஸ்ட்ரோவை, 'இவர்களுடைய சர்வரே சரியில்லை' என்று தூக்கியிருந்தேன். அப்டேட் செய்யப் போனால், ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை, இத்தனை மணி நேரம் கழித்துத்தான் செல்லும் என்று அப்டேட்டைக் கொண்டுவரும் ஆப்ட் நிரல் பதில் சொல்லும். பிரவுசரில் பாதித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும். காரணம், மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்துபோயிருந்தது. மின்சாரம் எடுத்து பேட்டரியும் இறங்கிவிட்டால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். மெஷினின் கணக்கில் அன்றைய அப்டேட் எதிர்காலத்தில் வரப் போவது. இன்டர்நெட் கிடைத்துக் கொஞ்ச நேரத்தில் கடிகாரம் தானாகத் திருந்திவிடுவதால் சில நாள் வரும், சில நாள் வராது. அதனால்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. செல் 40 ரூபாய். லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்ற வேண்டியிருந்ததால் அப்படியே ஃபேனில் இருந்த பஞ்சை எடுத்து, சிபியுவுக்குப் புது தெர்மல் பேஸ்ட்டும் வைத்தேன், 120 ரூபாய். பேட்டரியையும் மாற்றினேன், 1,900. மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடிக்கும் வரை அது தாங்கினால் போதும்.

இனி நிறுவுதல். எதைத் தேர்வு செய்வது என்பதில் இந்தத் தடவை ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. டிஸ்ட்ரோவாட்ச் தரவரிசையைப் பார்த்துத்தான் முன்பெல்லாம் முடிவெடுப்பேன். அது அந்தந்தப் பக்கத்தை எத்தனை பேர் திறந்து பார்த்தார்கள் என்ற கணக்கு, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதல்ல. எனக்கு வேண்டியது அடிக்கடி மாறாதது. டெபியன் ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் புதுப் பதிப்பு விடும். நான் நிறுவியபோது நிலையான பதிப்பு 12, செல்லப்பெயர் புக்வர்ம், 2023 ஜூனில் வந்தது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பான எல்டிஎஸ்ஸோ மின்ட்டோ போட்டிருந்தாலும் இதே வேலை நடந்திருக்கும். மின்ட் பிடித்தவர்கள் இதைப் படித்துவிட்டு டெபியனுக்கு மாறினால் நான் பொறுப்பல்ல.

முன்பு டெபியன் என்றால் வைஃபை கார்டை இயக்கும் ஃபர்ம்வேரைத் தனியாகத் தேடி பென்டிரைவில் வைக்க வேண்டும். 2022-இல் அவர்களுக்குள் ஓட்டெடுப்பு நடத்தி, 12-ஆம் பதிப்பிலிருந்து நிறுவும் படிமத்திலேயே சேர்த்துவிட்டார்கள். என் வைஃபை கார்டை நிறுவும்போதே பிடித்துக்கொண்டது. டெஸ்க்டாப் எக்ஸ்எஃப்சிஇ. டிஸ்கைப் பிரித்த கணக்கு: பூட்டுக்கு 512 எம்பி, சிஸ்டத்துக்கு 60 ஜிபி, ராம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்கு 8, சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்ட் நகல்களுக்கு 80, மிச்சம் முழுவதும் நம் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு. சிஸ்டத்துக்கு 60 அதிகம், 40 போதும். டைம்ஷிஃப்டுக்குத் தனி இடம் ஒதுக்கியது நல்ல முடிவு. ஹோமுக்குள் விட்டிருந்தால் எந்த நேரம் இடம் தீரும் என்று பயந்துகொண்டே இருந்திருப்பேன்.

தமிழில்தான் கொஞ்சம் நேரம் போனது. நான் டைப் செய்வது தமிழ்99. அந்த முறையில் புள்ளியைப் பெரும்பாலும் நாம் போடுவதில்லை. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ம-வுக்குப் பின் ப வந்தாலும், ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. உ, ச, இ, ல, ம, ப, ட, ட, இ என்று ஒன்பது தட்டு தட்டினால் 'உசிலம்பட்டி' என்று வர வேண்டும். எனக்கு வந்தது 'உசிலமபடடி'. முன்பு ஒரு டிஸ்ட்ரோவை இதற்காகவே விட்டு ஓடியிருக்கிறேன். விஷயம் என்னவென்றால், விசைப்பலகை அமைப்பில் போய் மொழிப் பட்டியலில் தமிழைச் சேர்த்தால் அங்கேயும் தமிழ்நெட்99 என்று ஒன்று இருக்கும். அது வெறும் விசைக்கு எழுத்து என்ற வரைபடம். முன்னால் என்ன எழுத்து வந்தது என்று அதற்குத் தெரியாது. புள்ளி வைக்க உள்ளீட்டு முறை வேண்டும். ஐபஸ், அதற்குள் எம்17என் நிறுவி, அங்கிருக்கும் தமிழ்99-ஐச் சேர்க்க வேண்டும். எக்ஸ்எஃப்சிஇயில் ஐஎம்-கான்ஃபிக் என்ற சின்ன நிரலை ஓட்டி ஐபஸ்தான் முதன்மை என்று சொல்லிவிட்டு, வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். மொழிப் பட்டியலில் சேர்த்த பழைய தமிழையும் நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவசரத்தில் விரல் அதற்குப் போய்விடும், 'கருமாததூர்' என்று ரசீது வரும்.

பிரிண்டருக்கு இரண்டு தொந்தரவு. முதலாவது, அனுமதி. யுஎஸ்பியில் சொருகினால் எல்பி0 என்ற சாதனக் கோப்பு வருகிறது, ஆனால் நிரல் அதில் எழுதப் போனால் அனுமதி இல்லை என்கிறது. அந்தக் கோப்பு எல்பி என்ற குழுவுக்குச் சொந்தம். நம் பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் உள்ளே வந்தால் முடிந்தது. முன்பு ஒரு டிஸ்ட்ரோவில் 'பிரமாதமாக' வேலை செய்ததன் ரகசியம், அங்கே நிரலையே ரூட்டாக, அதாவது எல்லா அனுமதியும் உள்ள பயனராக, ஓட்டியிருக்கிறேன். இன்னொன்று, இந்த மாதிரி ரசீது பிரிண்டருக்கு நிரல் நேராக எழுதுவதாக இருந்தால் லினக்ஸின் அச்சு அமைப்பான கப்ஸில் அதைச் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது. கப்ஸ் வழியாக ஒரு தாள் அனுப்பினால் அந்த எல்பி0 காணாமல் போகும், நிரல் பிரிண்டரைத் தேடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவதுதான் பெரிய தலைவலி. இந்த பிரிண்டர்களுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே ஒவ்வொரு ரசீதையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மி.மீ. தாளில் அச்சாகும் அகலம் 48 மி.மீ., ஒரு வரிக்கு 384 புள்ளி, அதாவது 48 பைட். பைத்தானின் பில்லோ நூலகம் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் வரைகிறது. மின்ட்டில் இருந்தவரை ஒழுங்காக வந்தது. ரோலிங் ரகத்துக்கு மாறியதும் 'செக்கானூரணி'யில் ஒற்றைக்கொம்பு ச-வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. 'கொ' என்றால் இன்னும் மோசம், கொம்பும் காலும் இரண்டுமே க-வுக்கு வலப்பக்கம். திரையில் எல்லா இடத்திலும் தமிழ் சரியாகத் தெரிகிறது, ரசீதில் மட்டும் இப்படி. எழுத்துருவை மாற்றினேன், லோகித் போட்டேன், மீரா இனிமை போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை.

பில்லோவுக்கு எழுத்தை வரிசைப்படுத்த இரண்டு வழி இருக்கிறது. ஒன்று எளிய வழி: குறியெண் (கம்ப்யூட்டர் ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்) வரும் வரிசையிலேயே ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும். ஆங்கிலத்துக்கு அது போதும். யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது, ஆகவே பின்னாலேயே வரையும். இன்னொன்று ராக்ம் என்ற நூலகம் வழியாக. அது உள்ளே எழுத்தை அடுக்கத் தெரிந்த ஹார்ஃப்பஸ்ஸைக் கேட்டு, கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்கும். ராக்ம் இல்லாவிட்டால் பில்லோ பிழை எதுவும் சொல்லாது, சத்தமில்லாமல் எளிய வழிக்கு இறங்கிவிடும். டெபியனின் பில்லோ பொதியோடு ராக்ம் தானாக வந்துவிடுகிறது. அந்த ரோலிங் ரகத்தில் அது விருப்பத் துணைப் பொதி, நாமே நிறுவ வேண்டும். ஒரு பொதியை நிறுவியிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயத்துக்கு நான் சிஸ்டத்தையே அழித்தேன். இப்போது நிரல் தொடங்கும்போதே ராக்ம் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் ஓட மறுக்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

ஊர் வரிசையிலும் இதே கதை. விழா முடிந்ததும் ஊர்வாரியாக அடுக்கி வீட்டாருக்கு அச்செடுத்துத் தருவோம். அதில் கன்னிவாடி, கப்பலூருக்கு முன்னால் வந்து நின்றது. தமிழ் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து, கள்ளிக்குடிக்கும் பின்னால்தான் அது வர வேண்டும். யூனிகோடிலோ ன, ந-வுக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது. சிஸ்டத்தில் தமிழ் லொகேல் (மொழிக்கேற்ற அடுக்கு முறை முதலிய அமைப்பு) உருவாக்கப்படாததால் நிரல் வெறும் குறியெண் வரிசையில் அடுக்கியிருக்கிறது. லொகேல் பட்டியலில் தமிழ்-இந்தியாவை டிக் செய்து உருவாக்கியதும் சரியானது. ஐந்து நிமிட வேலை.

இத்தனையும் முடித்து, ஒத்திகைக்குக் கடையிலேயே அக்கம்பக்கத்தாரை நிற்க வைத்து ஐம்பது ரசீது அடித்துப் பார்த்தேன். நடுவில் சார்ஜரையும் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். கடைசியாக அடித்த ரசீது வரை கோப்பில் இருந்தது. சரி, ஆவணிக்குத் தயார் என்று நினைத்த நேரத்தில்தான் 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதி டெபியன் 13, செல்லப்பெயர் ட்ரிக்ஸி, வெளியானது. ஆடி இன்னும் முடியவில்லை.

அக்கா மகன் போன் போட்டான். "மாமா, ட்ரிக்ஸி வந்துருச்சு. நீங்க என்ன இன்னும் பன்னெண்டுலயே இருக்கீங்க?"

"அடுத்த வாரம் ஆவணி முகூர்த்தம்டா. அதுல என்ன புதுசு?"

"கர்னல் 6.12, எக்ஸ்எஃப்சிஇ 4.20. சூப்பரா இருக்கு மாமா."

நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். என்ன தொந்தரவு என்ற இடத்தில் எழுத எதுவும் வரவில்லை. '13 வந்துவிட்டது' என்று எழுதினேன். அது தொந்தரவு இல்லையே. 12-க்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 ஜூன் வரை வழக்கமாக உண்டு, அதன்பின் நீண்டகால ஆதரவில் 2028 ஜூன் வரை உண்டு. அவசரம் எங்கேயும் இல்லை. இருந்தாலும் கை அரித்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பால்குடி மறக்காத பிள்ளை மாதிரி 13-ஐ நிறுவும் ஐஎஸ்ஓ கோப்பை மட்டும் இறக்கி வைத்துக்கொண்டேன்.

இந்த அரிப்புக்கு ஒரு காலண்டர் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. உபுண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும், ஃபெடோராவும் ஏறத்தாழ அதே மாதங்களில். ஏப்ரல் என்றால் நமக்குச் சித்திரை. அழகர் ஆற்றில் இறங்கும் மாதம், பத்திரிகை, போஸ்டர், மொய் எல்லாம் தலைக்கு மேல் இருக்கும். அக்டோபர் கடைசி என்றால் ஐப்பசி முகூர்த்தம். எனக்கு மூச்சு விட நேரமில்லாத வாரங்களில்தான் அவர்கள் புதுசு விடுகிறார்கள். ஆகவே நோட்டின் அட்டையில் எழுதினேன்: பெரிய மாற்றம் எதுவானாலும் ஆடியில், இல்லாவிட்டால் மார்கழியில். மற்ற மாதங்களில் பாதுகாப்பு அப்டேட் மட்டும், அதுவும் விழா முடிந்த மறுநாள். விழாவுக்கு முந்தின நாள் எந்த அப்டேட்டும் கிடையாது.

ஆனால் பார்க்கவே கூடாது என்றால் நடக்காது. என்னை எனக்குத் தெரியும். எனவே அரிப்புக்குத் தனியாக ஒரு டிஸ்க் கொடுத்தேன். கடையில் சும்மா கிடந்த 120 ஜிபி எஸ்எஸ்டிக்கு 350 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி 3.0 கவர். என்ன புதுசு வந்தாலும் அதில் நிறுவு, ஆசை தீரப் பார், அழி. மெஷினுக்குள் மெஷினாக ஓடும் வெர்ச்சுவல் மெஷினிலும் செய்து பார்த்தேன், திருப்தியில்லை. கிராஃபிக்ஸ், வைஃபை, தூங்கி எழுவது எல்லாம் நிஜ மெஷினில்தான் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கை. முதல் தடவை வெளி டிஸ்கில் ஒன்றை நிறுவியபோது, அதன் நிறுவி, சிஸ்டத்தைத் தொடங்கிவைக்கும் பூட் லோடரை வெளி டிஸ்கில் வைக்காமல் உள் டிஸ்கின் பூட் பகுதியில் கொண்டுபோய் வைத்துவிட்டது. வெளி டிஸ்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால் கருப்புத் திரையில் அந்த பூட் லோடரான க்ரப் மட்டும் கண்சிமிட்டுகிறது. மறுநாள் கருமாத்தூரில் காதணி விழா. லைவ் பென்டிரைவில் பூட் செய்து, உள் டிஸ்கின் சிஸ்டம் பகுதியை மவுன்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைந்து க்ரப்பைத் திரும்ப நிறுவினேன். முடிக்கும்போது ராத்திரி பதினொன்று. அதிலிருந்து வெளி டிஸ்கில் எதை நிறுவும் முன்பும் உள் எஸ்எஸ்டியைக் கழற்றிவிடுகிறேன். அடிமூடியில் ஒரு சின்னக் கதவு, இரண்டு திருகு, ஒரு நிமிடம். உள் டிஸ்கே இல்லாவிட்டால் எந்த நிறுவியும் அதைக் கெடுக்க முடியாது. இன்னொன்றும் செய்யக் கூடாது: இரண்டு சிஸ்டத்துக்கும் ஒரே ஹோமைக் கொடுப்பது. புதிய பதிப்பு தன் அமைப்புகளை மாற்றி எழுதிவிடும், பழையது அதைப் படிக்கத் தெரியாமல் முழிக்கும்.

வெளி டிஸ்கில் ட்ரிக்ஸி போட்டேன். ஐப்பசியில் உபுண்டு 25.10, ஃபெடோரா 43 இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஃபெடோராவின் க்னோம் ரொம்ப அழகு, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொன்றிலும் ஐபஸ், எல்பி குழு, லொகேல் என்று அதே மூன்று வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை செய்யும்போது அலுப்பாகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு மூடி வைத்துவிட்டேன். கட்டுப்பாட்டை விட இந்த அலுப்புதான் அதிகம் உதவியது.

மார்கழி பிறந்ததும் உள் டிஸ்கில் 12-லிருந்து 13-க்கு ஏற்றினேன். அழித்து நிறுவாமல் மேம்படுத்துவது எனக்கு இதுதான் முதல் தடவை. இதற்கு முன் ஒரு டிஸ்ட்ரோ அடுத்த பதிப்பு வரும் வரை என்னிடம் இருந்ததே இல்லை. டைம்ஷிஃப்டில் ஒரு நகல், ஹோம் முழுவதும் வெளி டிஸ்கில் ஒரு நகல், மொய்க் கோப்புகள் மட்டும் தனியாகப் பென்டிரைவில். பிறகு ஆப்ட் மூலப் பட்டியலில் புக்வர்ம் என்று இருக்கும் இடமெல்லாம் ட்ரிக்ஸி என்று மாற்றி, புதுப் பொதிகள் சேர்க்காத அப்கிரேடு முதலில், முழு அப்கிரேடு அடுத்து. நடுவில் அமைப்புக் கோப்புகளைப் பற்றிக் கேள்வி கேட்கும். நாம் மாற்றாத கோப்பென்றால் புதியதை ஏற்கலாம், மாற்றியதென்றால் வித்தியாசத்தைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எல்லாம் வந்தது, மொய் நிரல் மட்டும் திறக்கவில்லை. பழைய பழக்கத்தில் கை பென்டிரைவைத் தேடியது. நோட்டில் எழுதிவிட்டுப் பிழைச் செய்தியைப் படித்தேன்: பில்லோவைக் காணோம். 12-இல் பைத்தான் 3.11, 13-இல் 3.13. அக்கா மகன் நிரலுக்கென்று தனி வெர்ச்சுவல் சூழல் அமைத்து அதில் பில்லோவை வைத்திருந்தான். அந்தச் சூழல் 3.11-க்குக் கட்டியது, புதுப் பைத்தான் அதற்குள் பார்க்காது. சூழலை அழித்துவிட்டு டெபியனின் பில்லோ பொதியையே பயன்படுத்தும்படி மாற்றினோம். இனிமேல் அடுத்த பதிப்புக்குப் போகும்போது அது கூடவே வரும். ஐம்பது ரசீது ஒத்திகை மறுபடியும் அடித்தோம், கன்னிவாடி கள்ளிக்குடிக்குப் பின்னால்தான் நின்றது.

செலவைக் கூட்டினால் எஸ்எஸ்டி 2,600, ராம் 450, செல் 40, பேஸ்ட் 120, பேட்டரி 1,900, கவர் 350. மொத்தம் 5,460 ரூபாய், நோட்டு பத்து ரூபாய் தனி. பிரிண்டர் முன்பே இருந்தது. இதில் எஸ்எஸ்டியும் செல்லும் கட்டாயம், மற்றது வசதிக்கு. 240 ஜிபி போதுமானதாக இருந்திருக்கும், மொய்க் கோப்பு ஒரு விழாவுக்குச் சில எம்பி கூட வராது.

அடுத்த ஆடிக்கு இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. மூடியை மூடித் திறந்தால் எப்போதாவது ஐபஸ் எழுந்திருப்பதில்லை, ஆங்கிலமாகவே விழுகிறது. இப்போதைக்கு விழா நேரத்தில் மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைத்திருக்கிறேன், காரணம் இன்னும் தெரியவில்லை, நோட்டில் திறந்தே இருக்கிறது. இன்னொன்று, 80 மி.மீ. பிரிண்டர் வாங்க வேண்டும். 58-இல் நீளமான ஊர்ப் பெயரும் பட்டப்பெயரும் மூன்று வரிக்கு மடங்குகின்றன. 80-இல் வரிக்கு 576 புள்ளி கிடைக்கும். நிரலில் 384 என்று நேராக எழுதிய இடங்களையெல்லாம் தேடி மாற்ற வேண்டும் என்று அக்கா மகனிடம் சொல்லியிருக்கிறேன். செமஸ்டர் முடியட்டும் மாமா என்றிருக்கிறான்.